பச்சைப் பட்டையும் தாய்மாமன் மடியும்

ஏப்ரல் 22, செவ்வாய்

மில்லுக்குள்ளே ஐப்பசி, வெளியே சித்திரை. நூல் அறுந்துவிடக் கூடாதென்று உள்ளே தண்ணீரைப் புகையாக விடுகிறார்கள். சரக்கு அனுப்பும் கதவைத் தாண்டினால் அருப்புக்கோட்டை வெயில் மண்டையைப் பிளக்கிறது. இரண்டுக்கும் நடுவில், சரக்கைச் சரிபார்த்து அனுப்புகிற என் நாற்காலி.

இன்றோடு இரும்புப் பட்டை முடிந்தது. நூல் பெட்டிகளைப் பலகைமேல் அடுக்கி, சுற்றிலும் அதைத்தான் இத்தனை வருஷமாகக் கட்டினோம். எனக்கொன்றும் வருத்தமில்லை. இரும்பு பிடித்த இடத்தில் பிடித்தபடியே நிற்கும். லாரி ஓட்டத்தில் பெட்டி கொஞ்சம் அமுங்கினால், கூடவே சுருங்கத் தெரியாமல் வளையல் மாதிரி தொங்கும். வெட்டும்போது முகத்துக்கு நேரே பாயும். கட்டுகிற தங்கமாரியின் புருவத் தழும்பு அதனால் வந்ததுதான்.

புதிதாக வந்திருப்பது வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டை. சுற்றி, மிஷினில் இழுத்து இறுக்கி, கிளிப்பை நசுக்கினால் முடிந்தது. தங்கமாரிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்குச் சந்தேகம். எனக்கு எதிலும் சந்தேகம்தான்.

என் பாப்பாவுக்குக் காதுகுத்து ஜூன் எட்டாம் தேதி என்று முடிவாகிவிட்டது. தம்பி அழகுராஜா மடியில் உட்கார வைத்துக் குத்த வேண்டும். சீர்வரிசைக்கு இப்போதே சொல்லிவிட்டானாம், நரிக்குடியிலிருந்து அம்மா போன் செய்தாள். அவனுக்கு எதிலும் அவசரம்.

ஏப்ரல் 25, வெள்ளி

அழகுராஜா லாரிக்கு இன்று எங்கள் மில்லிலிருந்து தூத்துக்குடி லோடு. காலையில் கட்டிய பலகைகள் மதியம்வரை வெளியே வெயிலில் நின்றன. ஏற்றி முடித்ததும் வழக்கம்போலப் பட்டைக்கடியில் விரலை விட்டேன். விரல் என்ன, கையே போனது. எல்லாக் கட்டும் தொளதொள.

தார்ப்பாய்க் கயிற்றில் இறுக்கிக்கொள்கிறேன் என்றான். தார்ப்பாய் மழைக்கு, சரக்கைப் பிடிக்க அல்ல. பந்தல்குடி தாண்டி ஒரு ஆடு குறுக்கே வந்து பிரேக் அடித்தால் அத்தனை பெட்டியும் அவன் முதுகில்தான் வந்து விழும். இதை இப்படியே சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு.

"ஸ்டீரிங்கப் பிடிக்கத் தெரிஞ்சா போதுமாடா? மூளையும் கொஞ்சம் வேணும். கீழ இறங்கு மொதல்ல."

மற்ற டிரைவர்கள் டீ டம்ளரும் கையுமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லோடை இறக்கினோம். மறுபடி கட்ட நேரமாகும் என்பதால் அவனுக்கு அந்த நடை போயிற்று. கிளம்பும்போது என் பக்கத்தில் வந்து நின்றான்.

"இங்க நான் ஒனக்குத் தம்பி இல்ல, டிரைவர். சரி. காதுகுத்துக்கும் ஒரு டிரைவர் மடியப் பாத்துக்க."

சத்தம் போடாமல் சொன்னான். அதுதான் உறைத்தது.

ஏப்ரல் 26, சனி

அழகுராஜா போன் எடுக்கவில்லை. வெயில் நேற்றைவிட அதிகம்.

ஏப்ரல் 30, புதன்

அம்மாவுக்குச் சேதி போய்விட்டது. "நீதானத்தா மூத்தவ. ஒரு வார்த்தை சொன்னா கொறஞ்சா போயிருவ?" என்கிறாள்.

எதற்குச் சொல்ல வேண்டும்? கட்டு தளர்ந்திருந்தது நிஜம். இறக்கச் சொன்னது சரி. நாளைக்கும் அப்படித்தான் சொல்வேன் — ஆனால் அத்தனை பேர் முன்னால், மூளை இருக்கிறதா என்று... சரி, விடு. படு.

மே 6, செவ்வாய்

தளர்ந்ததன் காரணம் தெரிந்துவிட்டது. உள்ளேயே கட்டுவதால் வருகிற வினை. அட்டைப்பெட்டி ஈரத்தைக் குடித்து உப்பியிருக்கிறது. அப்படியே வைத்து இறுக்குகிறோம். வெளியே வந்ததும் அது காய்ந்து இளைக்கிறது. வெள்ளைப் பட்டையோ சூட்டில் நெகிழ்ந்து நீள்கிறது. நீண்டால் நீண்டதுதான், பழைய அளவுக்குத் திரும்பாது. பெட்டி இளைத்து, பட்டையும் நீண்டால் கை போகாமல் என்ன செய்யும்? அன்று தங்கமாரியையும் சேர்த்துத் திட்டியிருந்தேன். பாவம், அவள் இறுக்கித்தான் கட்டியிருக்கிறாள்.

மேனேஜர் உதயகுமார் பாலியெஸ்டரில் செய்த பச்சைப் பட்டை வரவழைத்திருக்கிறார். அதுவும் இழுத்தால் நீளும். ஆனால் பெட்டி இளைத்தால் கூடவே சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். பெட்டிகளையும் ஒரு ராத்திரி வெளி ஷெட்டில் போட்டுவிட்டுக் கட்டச் சொல்லியிருக்கிறேன்.

மே 14, புதன்

பத்திரிகை அடிக்கக் கொடுக்க வேண்டும். தாய்மாமன் இடத்தில் யார் பெயர்? என் பெரியப்பா மகன் தங்கபாண்டியும் அண்ணன் முறைதானே, அவர் மடியில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார் பாப்பாவின் அப்பா. முறைதான்.

அழகுராஜா என்றே போடச் சொல்லிவிட்டேன். வராவிட்டால் ஊர் சிரிக்கும், சிரிக்கட்டும். எனக்கு என் தம்பிதான் வேண்டும். இங்கே எழுத வருகிறது, அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் எனக்கு வாய் உண்டு.

மே 29, வியாழன்

இன்று மறுபடி அழகுராஜா லாரி. என் பக்கம் திரும்பவே இல்லை. பலகைகளை ஏற்றுமுன் நானே ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பச்சைப் பட்டைக்கடியில் நகம்கூட நுழையவில்லை.

ஏற்றியதும் அவன் மேலே ஏறி, எல்லாப் பட்டைகளையும் தானும் அழுத்திப் பார்த்தான். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். கடைசிப் பலகையில் நின்று தங்கமாரியிடம் சொன்னான், என்னிடம் இல்லை.

"இது தொளதொளன்னு இருக்கு. ஒங்க மேடத்த மாத்திக் கட்டச் சொல்லு."

தங்கமாரி வாயைத் திறந்தாள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். பலகையை இறக்கச் சொல்லி, பட்டையை நானே வெட்டினேன். மூலைக்கு மூலை அட்டை கொடுத்து, நானே இழுத்து, நானே கிளிப்பை நசுக்கினேன். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. யாரோ சிரித்தார்கள். முடியும்வரை அவன் பக்கத்தில் நின்றான். பிறகு அழுத்திப் பார்க்காமலே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

முதலில் கட்டியதும் இதே இறுக்கம்தான். எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

ஜூன் 5, வியாழன்

ஒரு சேதியும் இல்லை. தங்கபாண்டி அண்ணனுக்கும் ஒரு வேட்டி எடுத்து வைத்தாயிற்று. ஆபத்துக்குப் பாவமில்லை.

ஜூன் 8, ஞாயிறு

ஆசாரி வந்து உட்கார்ந்துவிட்டார். தங்கபாண்டி அண்ணன் புது வேட்டியோடு கூச்சமாக நின்றார். நான் கோயில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது மேளம் கேட்டது.

முன்னால் அழகுராஜா. பின்னால் சீர்த் தட்டுகள். கடைசியில் இரண்டு பேர் தூக்கிவந்த பெரிய அட்டைப்பெட்டி, பாப்பாவுக்குச் சைக்கிள். பெட்டியைச் சுற்றிப் பச்சைப் பட்டை, மூலைக்கு மூலை அட்டை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெயில் என்று யாரிடமோ சொன்னேன்.

ஊசியைக் கண்டதும் பாப்பா வீறிட்டாள். மடியில் வைத்து, இரண்டு கையையும் சேர்த்து அணைத்துப் பிடித்துக்கொண்டான். குத்தி முடிந்து, அவள் வாயில் சீனி போட்ட பிறகுதான் என்னைப் பார்த்தான். பெட்டியைக் காட்டினான்.

"அழுத்திப் பாருக்கா."

சொந்தபந்தம் மொத்தமும் நின்றது. அழுத்தினேன். நகம்கூட நுழையவில்லை.

"தொளதொளன்னு இருக்கு," என்றேன். "மாத்திக் கட்டு."

அவன் பாப்பாவை என் இடுப்பில் கொடுத்துவிட்டு, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கத்தரி கேட்டான்.