இரண்டு இருக்கை வண்டி

அன்புள்ள வாலுப் பெண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நலம் என்று எழுதத்தான் கை வருகிறது, முழுக்க உண்மை இல்லை. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் அப்பா பக்கத்திலேயே இருக்கிறார். நீயும் நாலு வார்த்தை பேசுவதற்குள் 'என் லாரியில லோடு ஏத்துறாங்கம்மா' என்று வைத்துவிடுகிறாய். உன்னிடம் ஓர் உதவி கேட்க வேண்டும். அதைக் கடைசியில் கேட்கிறேன், பாதியில் மடித்து வைத்துவிடாதே.

உன் அப்பா ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருக்கிறார். சிரிக்காதே. பதினோரு வருடப் பழைய வண்டி, மஞ்சள் நிறம், இருக்கை இரண்டே இரண்டு. நின்ற இடத்திலிருந்து நூறைத் தொட நாலரை நொடி போதுமாம். ஓய்வு பெற்றபோது வந்த பணம் அதில்தான் போயிற்று. நான் ஆடித் தீர்த்துவிட்டேன், நீ வேறு ஆரம்பிக்காதே. அறுபதுக்கு மேல் போகாதபடி பூட்டுப் போட்ட பஸ்ஸை முப்பத்தொரு வருடம் ஓட்டிய மனிதர். ஆசை இருக்காதா என்று பிறகு எனக்கே தோன்றியது.

வாங்கப் போனபோது என்னையும் கூட்டிப் போனார். விற்றவர் ஒரு பல் டாக்டர். எஞ்சின் சூடாகும் முன்பு ஸ்டார்ட் செய்து கேட்டால்தான் அதன் வண்டவாளம் தெரியும் என்று, சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் நின்றோம். டாக்டர் பிரஷும் வாயுமாக வந்து கதவைத் திறந்தார். அப்பா பானெட்டில் கை வைத்துப் பார்த்தார், டயரில் இருந்த தேதியைப் படித்தார், தரையில் படுத்து எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்த்தார். எழுந்தபோது முகத்தைப் பார்க்க வேண்டுமே! எங்கள் கல்யாணத்தன்றுகூட அப்படி ஒரு களை இல்லை.

அந்த வண்டியில் உட்கார முடியாது, விழத்தான் முடியும். இறங்க ஒருவர் கை கொடுக்க வேண்டும். வேகத்தடை வந்தால் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு போகும். ஸ்டார்ட் செய்தால் எதிர்வீட்டுக் கைக்குழந்தை எழுந்துவிடும். அந்த வீட்டு மருமகள் என்னைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதை எழுத்தில் எழுத முடியாது.

நான் ஏறாமல் அப்பா வண்டியை எடுக்க மாட்டார். அவர் பஸ்ஸில் இருபத்திரண்டு வருடம் நான்தானே கண்டக்டர். படியில் நின்று இடதுபக்கம் பார்த்து நான் 'ரைட்' சொன்னால்தான் பஸ் கிளம்பும். காரிலும் ஒவ்வொரு திருப்பத்திலும் 'இடது எப்படி, ரைட்டா?' என்று கேட்பார். பழக்கதோஷம் என்று நினைத்தேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, மறைப்பானேன்.

வாங்கிய வாரமே கேட் தூணில் உரசினார். அடுத்தது கடை வாசலில் ஒரு கம்பத்தில். பஸ்ஸை வளைப்பது மாதிரி வளைக்கிறீர்கள், பின்னால் நாற்பது சீட் இல்லை என்று கேலி செய்தேன். அவரும் சிரித்தார்.

போன செவ்வாய்க்கிழமை முட்டிவலி என்று நான் போகவில்லை. அன்று மட்டும் தனியாகப் போனவர், சைக்கிளில் போன ஒரு நர்ஸின் கைப்பிடியில் பக்கக் கண்ணாடியை இடித்துவிட்டார். அந்தப் பெண் விழுந்து முழங்கையில் தோல் வழண்டுவிட்டது. நல்லவேளை, அவ்வளவோடு போயிற்று. அன்று சாயங்காலம் வண்டியைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன். மூன்று கீறலும் இடதுபக்கம். வலதுபக்கம் ஒரு தூசிகூட இல்லை.

நேராகவே கேட்டேன். ஒன்றரை வருடமாக இடது கண்ணின் ஓரத்தில் ஒன்றும் தெரியவில்லையாம். இனி ஓட்டக் கூடாது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டாராம். கார் வாங்கியது அதற்குப் பிறகு. 'ஒரே ஒரு தடவை வேகமா போயிட்டு விட்டுடலாம்னு இருந்தேன்' என்றார். எனக்கு வந்த கோபத்தில் வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அப்புறம் அழுதேன். விவரம் தெரியாமல் இத்தனை நாள் நானே பக்கத்தில் உட்கார்ந்து 'ரைட்' சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகியிருந்தால் பாதிப் பழி என்னுடையது.

சாவி இப்போது என் மாவு டப்பாவுக்குள் இருக்கிறது. ஓட்டுவதற்கு என்று அவரும் கேட்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்த வண்டி அவர் கையில் ஒருநாளும் அறுபதைத் தாண்டவில்லை.

கண்ணாடி மாற்ற வந்த மெக்கானிக், இப்படியே நிறுத்தி வைத்தால் வண்டி வீணாகிவிடும், வாரம் ஒரு தடவையாவது யாராவது நன்றாக மிதித்து ஓட்ட வேண்டும் என்றான். விற்றுவிடலாமா என்று கேட்டேன். அப்பா வாசலைப் பார்த்துக்கொண்டு, 'அவ வந்தா மிதிப்பா' என்றார். ஆறு வருடத்தில் உன்னைப் பற்றி அவர் வாயில் வந்த முதல் பேச்சு.

நீ டிப்போவில் டிரைவர் வேலைக்கு மனுப் போட்டபோது, மேனேஜரிடம் போய் வேண்டாம் என்று சொல்லி அதைக் கெடுத்தாரே, அது தப்பு. நான் எல்லாம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தது இன்னும் பெரிய தப்பு. அவருக்காக மன்னிப்புக் கேட்க எனக்கு உரிமை இல்லை. எனக்காகக் கேட்கிறேன்.

நேற்று, உள்ளே துடைக்க வேண்டும் என்று சாவி கேட்டார். அரைமணியில் திருப்பிக் கொடுத்துவிட்டார். இன்று வண்டியிலிருந்த குடையை எடுக்கப் போனபோது பார்த்தால், டிரைவர் இருக்கை நன்றாக முன்னால் நகர்ந்திருக்கிறது. பின்பக்கம் பார்க்கும் கண்ணாடிகளையும் தாழ்த்தி வைத்திருக்கிறார். அவர் கால் நீளம் உனக்குத் தெரியும். அந்த இடத்தில் அவரால் உட்காரவே முடியாது. உன் உயரத்தை இன்னும் மறக்கவில்லையடி அவர்.

வலது கண்ணிலும் ஆரம்பித்துவிட்டதாம். சொட்டு மருந்து விட்டால் தள்ளிப்போடலாம், நிறுத்த முடியாது என்கிறார்கள். எதிரே வரும் சாலை அவருக்குத் தெரியும்போதே ஒரு தடவை வந்துவிட்டுப் போ. அவரோடு பேச வேண்டும் என்றுகூட இல்லை. அந்த எஞ்சின் சத்தத்தில் பேசவும் முடியாது.

இருப்பது இரண்டு இருக்கைதான். என் இடத்தை அவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன். நீ வந்து ஏறு. நான் கேட்டருகில் நின்று இரண்டு பக்கமும் நன்றாகப் பார்த்து 'ரைட்' சொல்கிறேன்.

போகும் சாலையெல்லாம் உனக்கு வழிவிடட்டும்.

உன் வரவுக்கு மாவு டப்பாவைக் காத்துக்கொண்டிருக்கும்
அம்மா