பச்சைக்கு நடுவே ஒரு கருப்பு

விவேக் நகர், பெங்களூரு
14 செப்டம்பர், ஞாயிறு

அன்புள்ள லவினா அப்பாவுக்கு,

ஜோவிதா எழுதுகிறேன். நானும் பிள்ளையும் இங்கே இருக்கிறோம். மஸ்கட்டில் உங்கள் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் குழந்தை இயேசு பார்த்துக்கொள்ளட்டும். சுந்தரம் அண்ணன் லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை அங்கே கிளம்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் ஆறு பேரோடு ஒரே அறையில் இருக்கும்போது போனில் பேசுகிற விஷயம் இல்லை இது.

அல்சூரில் நான் ஆயாவாக இருக்கும் ஆஸ்பத்திரியில் புது மிஷின் ஒன்றை வைத்து ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? டார்ச் மாதிரி இருக்கும். நீல வெளிச்சம். கர்ப்பப்பை வாயில் காட்டினால் நல்ல சதை தானாகவே பச்சையாக மின்னும். கெட ஆரம்பித்த இடம் மட்டும் மின்னாமல் கருப்பாகத் தெரியும். புற்றாக மாறுவதற்குப் பல வருஷம் முன்பே பிடித்துவிடலாமாம். வருகிற பெண்களைப் படுக்க வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதீங்கம்மா, வெறும் லைட்டுதான், வலிக்காது" என்று சொல்வது என் வேலை. கன்னடம் பேசுகிறவர்களிடம் அதையே "பரீ லைட் அம்மா, நோவாகல்ல" என்பேன். நாலு மாதத்தில் இருநூறு பேருக்காவது சொல்லியிருப்பேன். நான் மட்டும் படுத்ததில்லை. எனக்கு என்ன வரப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

ஆகஸ்ட் ஐந்தாம் தேதி, மிஷினைச் சரிபார்க்க ரித்விக் என்று ஒரு இன்ஜினியர் வந்திருந்தார். அன்றைக்கு வர வேண்டிய பெண் வரவில்லை. அவர் வந்தது வீணாகப் போகிறதே என்று, "நான் படுத்துக்கிறேன் மேடம், படம் சரியா வருதான்னு பாத்துக்குங்க" என்று நானாகத்தான் சொன்னேன். டாக்டர் சௌம்யா யோசித்தார். பிறகு, மற்றப் பெண்களைப் போல எனக்கும் எல்லாம் எடுத்துச் சொல்லி ஃபாரத்தில் கையெழுத்து வாங்கினார். நான் சிரித்துக்கொண்டே ஏறிப் படுத்தேன்.

மானிட்டர் என் பக்கம் திரும்பியிருந்தது. எல்லாம் பச்சை. ஓர் ஓரத்தில் மட்டும், கட்டைவிரலை வைத்து அழுத்தியது போல, கருப்பு. அத்தனை படம் பார்த்தவள் நான். டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. அவர் லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அது அங்கேயே இருந்தது. தடுப்புத் துணிக்கு வெளியிலிருந்து இன்ஜினியர், "பிக்சர் க்ளியரா இருக்கா மேடம்?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற நர்ஸ் மமதா சிஸ்டர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்று மாலை பஸ்ஸில் நம் ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டேன். டிப்போ வந்ததும் கண்டக்டர் எழுப்பினார். எழுப்பினார் என்று எழுதுகிறேன், நான் தூங்கவில்லை. மறுநாள் வழக்கம் போல ஒரு பெண்ணின் கையைப் பிடித்து "வெறும் லைட்டுதான்" என்றேன். வேறு யாரோ சொல்வது போல இருந்தது.

சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். புற்று இல்லை, ஆனால் அதற்கு முந்தின படி, விட்டிருந்தால் ஆகியிருக்கும் என்று ரிசல்ட் வந்தது. அன்றைக்குத்தான் உங்களுக்குப் போன் செய்தேன். நான் சொல்லி முடித்ததும் நீங்கள் முதலில் கேட்டது, "எதனால வந்துச்சுன்னு டாக்டர் சொன்னாங்களா?" மறுபடியும் அதையே கேட்டீர்கள். ஒன்றும் சொல்லவில்லை என்றேன்.

சொன்னார். அது ஒரு கிருமியாம். பெரும்பாலும் ஆணும் பெண்ணும் சேர்வதால் வருமாம். பத்து வருஷம், இருபது வருஷம் கூட உடம்பில் சும்மா கிடக்குமாம். யாரிடமிருந்து, எப்போது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாதாம். "அதைத் தேடாதீங்க ஜோவிதா, நிறைய பேருக்கு வந்து தானாவே போயிடுது" என்றார். நான் தேடவில்லை. என்னைப் பற்றி எனக்குத் தெரியும். கல்யாணமான பதினாறு வருஷத்தில் ஒன்பது வருஷம் நீங்கள் அங்கே இருக்கிறீர்கள். நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்காமல், "எப்படி இருக்கே?" என்று கேட்டிருந்தால் எனக்கு எதுவுமே தோன்றியிருக்காது.

ஆகஸ்ட் 28-ஆம் தேதி, மரத்துப் போக ஊசி போட்டு அந்த இடத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள். ஃபாரத்தில் துணைக்கு வந்தவர் என்ற இடத்தில் மமதா சிஸ்டர் கையெழுத்துப் போட்டார். கணவர் பெயர் என்ற இடத்தில் பால்ராஜ் என்று நான் எழுதினேன். எடுத்த சதையின் ஓரமெல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று போன புதன்கிழமை ரிசல்ட் வந்தது. டாக்டருக்கு அவ்வளவு சந்தோஷம். நான்தான் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

லவினாவுக்கு இந்தக் கிருமிக்கான தடுப்பூசி முதல் டோஸ் போட்டாயிற்று. எதற்கு என்று கேட்டாள். பொம்பளைப் பிள்ளைகளுக்கு நல்லது என்று மட்டும் சொன்னேன். கை வீங்கி ஒரு நாள் ஸ்கூலுக்குப் போகவில்லை. கணக்கில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள், உங்களிடம் தானே சொல்ல வேண்டுமாம்.

மார்ச்சில் எனக்கு மறுபடியும் சோதனை இருக்கிறது. அதற்கு முன்னால் கிறிஸ்துமஸுக்கு லீவு கேட்டு வாருங்கள். சாமான் எதுவும் வாங்க வேண்டாம். வந்து, ஒரு நாள் என்னோடு டாக்டர் சௌம்யாவைப் பார்க்க வாருங்கள். என்னிடம் சொன்னதை உங்களிடமும் அவரே சொல்லட்டும். திரும்பும்போது ஆட்டோ வேண்டாம், நடந்தே வருவோம். நீங்கள் ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள்வேன். நானாக எதுவும் கேட்க மாட்டேன்.

ஆண்டவர் உங்களுக்கு நல்ல உடம்பையும், அந்த வழி முழுக்க என்னோடு நடந்து வரும் தைரியத்தையும் கொடுக்கட்டும்.

உங்கள்
ஜோவிதா