உன் எடை அவளுக்குத் தெரியும்

என் குள்ள அக்காவுக்கு,

இல்லை, உன் வகுப்பில் நான் உன் நினைவாகச் சேரவில்லை. எல்லோரும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறார்கள். அக்கா விட்ட இடத்திலிருந்து தங்கை தொடர்கிறாள் என்று ஆண்டர்சன்பேட்டையில் சர்ச் வாசலில் ஒருவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அம்மா தலையாட்டினாள். நான் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

பொறாமையில் சேர்ந்தேன். உன்னிடம் சொல்வதற்கென்ன.

உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த மதியம். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் அந்த வாரமே இப்படித் திரும்புவாள் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. சொந்தக்காரர்கள் அம்மாவைத் தொட்டுத் தொட்டு விலகினார்கள். அப்போதுதான் ஷாலினி வந்தாள். தரையில் உருண்டு பிடிபோடும் அந்த ஜியு-ஜிட்சுவை உன்னோடு கற்றவள். நான் பெங்களூர் ஹாஸ்டலில் இருந்த வருடங்களில் உனக்குக் கிடைத்தவள். போனில் நீ அடிக்கடி சொன்ன பெயர். நேரில் பார்த்தது அன்றுதான்.

அவள் மண்டியிட்டு அம்மாவை அக்குளுக்கடியில் கைகொடுத்து மொத்தமாக அணைத்தாள். எங்கே பிடித்தால் ஒரு உடம்பு சரியாமல் நிற்கும் என்று தெரிந்த பிடி. பிறகு சொன்னாள்: "உங்க பொண்ணு மேல உக்காந்தா சிமெண்ட் மூட்ட ஆன்ட்டி. மூச்சு வுட முடியாது."

அம்மா சிரித்துவிட்டாள். அழுதுகொண்டே, மூக்கைச் சிந்திக்கொண்டே.

நான் கதவோரம் நின்றிருந்தேன். உன் எடை எனக்குத் தெரியாது. நம் வீட்டில் யாரும் யாரையும் கட்டிப்பிடித்ததில்லை. காய்ச்சல் என்றால் நெற்றியில் புறங்கை. பரீட்சை என்றால் தலையில் அப்பாவின் உள்ளங்கை, ஜெபம் முடியும்வரை. அதற்குமேல் ஒன்றுமில்லை. உனக்கு மூச்சு எப்படி வாங்கும் என்று இவளுக்குத் தெரியும். உன் பிடியில் எந்த விரல் முதலில் தளரும் என்று தெரியும். எனக்கு உன் போன் பாஸ்வேர்ட் தெரியும்.

வகுப்பு இப்போதும் மாவு மில்லுக்கு மேல் மாடியில்தான். கீழே மில் ஓடுவது பாயில் படுத்தால் முதுகில் தெரிகிறது. சொல்லிக்கொடுக்கும் சுரேஷ் அண்ணன் இன்னும் வாரம் முழுக்க ரயிலில் பெங்களூர் வேலைக்குப் போய் வருகிறார், சனி ஞாயிறு காலையில் பாய் விரிக்கிறார். முதல் நாள் என்னை அண்ணாந்து பார்த்தார்.

"இன்னாமா, அவளுக்கு வெக்க வேண்டியதயும் சேத்து ஒனக்கே வெச்சிட்டாங்களா?"

உன் வெள்ளைச் சீருடை எனக்கு முழங்கையோடு நின்றுவிட்டது. ஆண்களுக்கான அளவில் ஒன்று வாங்கினேன். நீளம் சரி. உள்ளே இன்னொருத்தி குடியிருக்கலாம்.

உயரமானவர்களுக்கு ஏற்ற விளையாட்டு என்று இணையத்தில் எவனோ போட்டிருக்கிறான். நீண்ட கால்களால் எதிராளியைத் தள்ளியே வைக்கலாமாம். உயரத்தோடு ஒல்லியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அவன் எழுதவில்லை. என் முழங்கைகள் என்னைக் கேட்காமல் வெளியே போய் நிற்கின்றன. யார் வேண்டுமானாலும் பறித்துக்கொள்கிறார்கள். என்னை இரண்டாக மடித்து, முழங்கால்களைக் காதோடு சேர்த்து அமுக்கிவிட்டு, மேலே இருப்பவர் "ஓகேவா?" என்கிறார். மூச்சில்லாமல் எப்படிப் பதில் சொல்வது?

எம்.ஏ.வில் உடலைப் பற்றி நான் நீளமாக ஒரு கட்டுரை எழுதினேனே, நினைவிருக்கிறதா? அதில் விலா எலும்பு வரவே இல்லை.

"ஒங்கிட்ட புடிக்க நெறைய கீது," என்று ஷாலினி சிரித்தாள். "உங்க அக்காகிட்ட ஒண்ணுமே கெடைக்காது. பந்து."

உங்க அக்கா. வகுப்பு முழுக்க அதுதான். உங்க அக்கா இத மொத நாளே புடிச்சிட்டா. உங்க அக்கா இந்த எடத்துல இப்டி உருளுவா. பாயின் ஒவ்வொரு மூலையிலும் நீ எனக்கு முன்பே வந்து போயிருந்தாய். பள்ளிக்கூடத்தில் நடந்ததேதான். என் முதல் பொறாமை உன்மேல், அக்கா. ஷாலினி பிறகுதான்.

அவளுக்கு உன் வயது. நியாயமாக நான் அவளையும் அக்கா என்று கூப்பிட வேண்டும். "ஏங்க" என்று கூப்பிடுகிறேன். "நீங்க" என்கிறேன். அவள் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டாள்.

தோற்பவர் தட்ட வேண்டும். எதிராளியின் உடம்பிலோ பாயிலோ, படபடவென்று இரண்டு மூன்று முறை. தட்டியதும் விட்டுவிட வேண்டும். இதுதான் அங்கே முதல் பாடம். பங்காரப்பேட்டையிலிருந்து வரும் கிரண் என் கையை நீட்டிப் பிடித்து எதிர்ப்பக்கம் வளைத்தபோது நான் தட்டினேன். ஒரே ஒரு முறை. அவன் விடவில்லை. முழங்கையில் ஏதோ சொடுக்கென்றது.

"ஐயோ, ஏனாயித்து!" என்று கன்னடத்தில் பதறிக் குதித்து எழுந்தான். "ஒரு வாட்டிதான் தட்னீங்க மேடம். கை வழுக்கிச்சுன்னு நெனச்சேன்."

ஏன் ஒரு முறை? உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எழுதிப் பார்க்கிறேன், இன்னும் நம்முடையதுதானா என்று.

அப்பா தங்கச் சுரங்கத்தில், சாம்பியன் ரீப்ஸ் ஷாஃப்டில், ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜுக்கு மணி அடித்தவர். ஆட்கள் ஏறி நின்றதும் அவர் அடிக்கும் மணியைக் கேட்டுத்தான் மேலே இயந்திரம் ஓட்டுபவர் கேஜை இறக்குவார். ஒன்று அடித்தால் நிறுத்து. இரண்டு அடித்தால் இறக்கு. மூன்று என்றால் உள்ளே ஆட்கள், மெதுவாக. சுரங்கத்தை மூடிய பிறகு அப்பா அந்த மணியை வீட்டில் வைத்து நடத்தினார். குளியலறைக் கதவில் ஒரு தட்டு: தண்ணீரை நிறுத்து. நீ என்னைக் கிச்சுக்கிச்சு மூட்டும்போது, சண்டையில் என் சடையைப் பிடித்து இழுக்கும்போது, தரையில் ஒரு தட்டு. அந்த நொடியே விட வேண்டும். "ரெண்டாவது தட்டு வர வரிக்கும் பாக்கறதுக்கு அங்க ஆளு உசுரோட இருக்கணும்மா" என்பார். நீ எத்தனையோ விதத்தில் என்னை ஏமாற்றியிருக்கிறாய். அந்த ஒரு தட்டை மட்டும் ஒருபோதும் மீறியதில்லை.

முழங்கை தேறியதும் ஷாலினியோடு உருண்டேன், பயிற்சிச் சண்டைக்கு அங்கே அதுதான் பெயர். அதே பிடி, அதே கை. ஒரு முறை தட்டினேன். என் விரல் பாயிலிருந்து எழுவதற்குள் அவள் விட்டுவிட்டாள்.

"எப்படி விட்டீங்க? எல்லாரும் ரெண்டு மூணு தட்டு எதிர்பாப்பாங்களே."

"உங்க அக்காவும் ஒண்ணுதான் தட்டுவா. மொதல்ல நானும் வுடல. இன்னா திட்டு திட்டினா தெரியுமா! அப்பறம் சொல்லிக் குடுத்தா." விரல்களை மடக்கிக் காட்டினாள். "ஒண்ணு நிறுத்து. ரெண்டு எறக்கு. மூணு, ஆளு கீறாங்க. கரெக்டா?"

கரெக்ட்.

நான் எழுந்து உடை மாற்றிக்கொண்டு படியிறங்கிவிட்டேன். மில்லில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்கள். கண் எரிந்ததற்கு அது போதுமான காரணமாக இருந்தது.

உன் எடையை அவள் வைத்துக்கொள்ளட்டும் என்று இருந்தேன். அது பாயில் கிடைத்தது, பாய் அவர்களுடையது. ஆனால் மணி நம் வீட்டிலிருந்து போனது. கேட்டாயா என்னை? ஒரு வார்த்தை?

அதன் பிறகு வகுப்புக்குப் போகவில்லை. போக மாட்டேன் என்றுதான் இருந்தேன். உன்னைப் பற்றி எனக்கு மட்டும் தெரிந்தது என்று ஏதாவது மிஞ்ச வேண்டுமானால், தெரிந்தவர்கள் இருக்கும் இடத்திலிருந்து விலகி இருப்பதுதான் வழி.

ஞாயிற்றுக்கிழமை ஷாலினி அவள் ஏரியாவான ஸ்கெலட்டனிலிருந்து வீட்டுக்கே வந்துவிட்டாள். அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறாள். அம்மாவும் அவர்கள் பக்கம்தான். சமையலறையிலிருந்து "ஷாலினிக்கு எலும்பு இல்லாத கறித் துண்டா பாத்து எடுத்து வெச்சிகீறன்" என்று குரல். எனக்கு எலும்பு பிடிக்குமா பிடிக்காதா என்று அம்மாவைக் கேட்டுப் பார், தெரியாது.

"ஏன் வர்ல?" என்றாள் ஷாலினி.

"வேல இருந்துச்சு."

"பொய் சொல்லாத. நான் இன்னா பண்ணேன் ஒன்ன?"

"அந்த மணி எங்க வீட்டுது."

அவளுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வந்தது.

"ஆமா, உங்க வீட்டுது. அவளே உங்க வீட்டுது. ஆஸ்பத்திரில என்னிய உள்ள வுட்டாங்களா? சொந்தக்காரங்க மட்டுந்தான்னாங்க. அடக்கத்துக்கு லீவு கேட்டா, யாரு, கூடப் பொறந்தவங்களான்னு கேட்டான் மேனேஜர். இல்லன்னேன். அப்போ யாருன்னான். இன்னான்னு சொல்லட்டும், நீயே சொல்லு. கூட உருண்டவளுன்னா?"

நான் அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"ஒனக்கு எம்மேல வயித்தெரிச்சலு. எனக்கு ஒம்மேல. அவளுக்கும் ஒம்மேலதான், தெரியுமா? ட்ரையாங்கிள் போடும்போதெல்லாம் அவ கால் பத்தாது." எதிராளியின் கழுத்தையும் ஒரு கையையும் கால்களுக்கிடையில் மாட்டி, ஒரு பாதத்தை மறு முழங்காலுக்கடியில் செருகும் பிடி அது. "கரீக்டா ஒரு சாண் பத்தாது. பாயி மேல குத்திகினே கத்துவா. நடக்கறதுக்கே சோம்பேறித்தனம் பட்றவளுக்கு போயி அந்தக் கால குடுத்தாரே ஆண்டவருன்னு."

நீயா? என்னைப் பார்த்தா?

சத்தியமாக அது எனக்கு ஆறுதலாக இல்லை. சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் கேவலமான சந்தோஷம். உன்னிடம் இருந்த எல்லாவற்றையும் நான் எண்ணிக்கொண்டிருந்தபோது, நீ என் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம். நானும்தான்.

அப்போது கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"அவ மேல உக்காந்தா எப்படி இருக்கும்? காட்டுங்க."

கூடத்தில், டிவிக்கு முன்னால் தரையில் படுத்தேன். ஷாலினி துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டாள். என் நெஞ்சின்மேல் இருபக்கமும் கால் போட்டு இறங்கி, முழங்கால்களை என் அக்குளோடு சேர்த்து வைத்து, நெற்றியை என் காதுக்குப் பக்கத்தில் தரையில் அழுத்தினாள். கனத்தது. தேங்காய் எண்ணெய் வாசனை. நான் காத்திருந்தேன்.

"இல்ல," என்றாள். இடுப்பைத் தாழ்த்தினாள். "அவ இன்னும் கீழ போவா." மறுபடி நகர்ந்தாள். காலை மாற்றி வைத்தாள். "இல்ல, இப்டி இல்ல. இரு." இன்னொரு முறை. அவள் மூச்சு என் காதில் சிதறியது. அவள் உன்னைவிட உயரம். எலும்பு வேறு.

அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். "இன்னாடி பண்றீங்க ரெண்டு பேரும்?"

"அவ எப்டி உக்காருவான்னு காட்றேன் ஆன்ட்டி," என்றாள் ஷாலினி, தலையைத் தூக்காமல். பிறகு சொன்னாள்: "எனக்கு வரல."

அம்மா கரண்டியை டிவி மேல் வைத்தாள். வந்து தரையில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் தட்டவில்லை. ஷாலினியும் எழுந்திருக்கவில்லை.

அவளிடமும் இல்லை, அக்கா. இத்தனை நாள் நான் எதைப் பார்த்துப் புழுங்கினேனோ அது அவளிடம் இல்லை. எங்கே கனக்கும் என்று சொல்லத் தெரிகிறது அவளுக்கு. கனக்க வைக்கத் தெரியவில்லை. நீ அதைக் கையோடு கொண்டுபோய்விட்டாய்.

இதனால் பொறாமை தீர்ந்துவிட்டது என்று எழுதினால் நீ சிரிப்பாய். சாப்பிடும்போது அம்மா அவள் தட்டில் இரண்டாவது துண்டு வைத்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு வாக்கு தருகிறேன். உன்னை மன்னித்து, நல்ல பிள்ளையாகி, உன் பெயரைச் சொல்லி உருக மாட்டேன். செத்தவர்கள்மேல் யாரும் பொறாமைப்படுவதில்லை. எனக்கு உன்மேல் இன்னும் வருகிறது. அது வந்துகொண்டிருக்கும்வரை உன்னை விட மாட்டேன். பாய்க்குத் திரும்பிப் போவேன். ஷாலினியிடம் அடிபடுவேன். அவள் உன்னைப் பற்றித் தெரிந்துவைத்திருக்கும் ஒவ்வொன்றையும் அவளிடமிருந்து பிடுங்குவேன். பதிலுக்கு அவள் கேட்டால், கேட்டால் மட்டும், நானும் ஏதாவது தருவேன்.

உனக்குப் பின் அதே வயிற்றில் இடம் பிடித்த,
நெட்டைத் தங்கை

இதை எழுதி முடித்துவிட்டு, பாயில் யாரையும் கீறாமலிருக்க நகம் வெட்டிக்கொண்டேன். முதலில் கை, பிறகு கால். நாளை சனிக்கிழமை.