பின்கதவுக்குள் ஏரி

3-10-93, ஞாயிறு

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. படிக்கிறவர்கள் மன்னிக்க வேண்டும். படிக்கப்போவது நான் ஒருவன்தான். ஆனாலும் கேட்டுவிட்டேன். ஒரு வரி எழுதி முடிக்க ஒரு பீடி நேரம் ஆகிறது. ஆனால் எழுதிவிடுகிறேன்! அறுபத்தெட்டு வயதில் திம்மப்பன் எழுதுகிறான்.

அறிவொளி வகுப்பில் அருள்மேரி டீச்சர், தினம் நடப்பதை எழுதிவையுங்கள் என்றார். இன்று நடந்தது இது. என் மகன் கங்கப்பன் தன் பழைய அம்பாசடர் காரின் இடப்பக்கப் பின்கதவைப் பிரித்தான். கண்ணாடி இறங்கவில்லையாம். உள்பக்க அட்டையைக் கழற்றினால் அதற்குப் பின்னால் பெரிய பிளாஸ்டிக் தாள், கறுப்புப் பசை வைத்து ஒட்டியிருந்தது. அவன் ஸ்குரு வாங்கக் கடைக்குப் போனான். புதுச் சாமான் வாங்கினால் மேலே ஒரு தாள் ஒட்டி வருமே, கிழிக்க மறந்துவிட்டார்கள் போலும் என்று நினைத்தேன். உரித்துவிட்டேன். கத்தரியால் வெட்டி இந்த நோட்டுக்கு அட்டை போட்டேன். என்ன பளபளப்பு!

"நைனா, இங்க ஒரு தாளு இருந்துச்சே?"

"கிழிஞ்சிருந்துச்சுடா. தூக்கிப் போட்டுட்டேன்."

"போவுது வுடு. தூசிக்குப் போட்டிருப்பாங்க."

பொய்தான். ஆனால் நோட்டு அழகாக இருக்கிறது.

5-10-93, செவ்வாய்

காலையில் நல்ல மழை. மத்தியானம் சாப்பிட வந்த கங்கப்பன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை. தினமும் அத்திப்பள்ளியிலிருந்து ஓசூர் பாக்டரிக்கு ஓர் ஆபீசரை ஏற்றிப் போகிறான். அவர் இடப்பக்கம் பின்னால்தான் உட்காருவார். இன்று கதவுக்குள்ளிருந்து தண்ணீர் வந்து அவருடைய இரண்டு ஷூவும் நிறைந்துவிட்டதாம்.

"சாக்ஸைக் கழட்டி ஜன்னலுக்கு வெளிய புழியறாரு நைனா. இன்னொரு தடவ நனஞ்சா வேற வண்டி பாத்துக்கறேன்னுட்டாரு."

அந்த ஓர் ஆபீசரை நம்பித்தான் கார் ஓடுகிறது. காரை நம்பி வீட்டில் ஐந்து பேர். அதில் ஒன்று எட்டு மாதக் குழந்தை.

6-10-93

கண்ணாடி வழியாக இறங்குகிற தண்ணீர் உள்ளே வராமல் அந்தத் தாள்தான் மறித்ததாம். ஒர்க் ஷாப்பில் சொன்னார்கள். நோட்டைப் பாய்க்கு அடியில் ஒளித்துவைத்தேன்.

7-10-93, வியாழன்

"அந்தக் கதவ நான் சரி பண்றேன்" என்றேன். கங்கப்பன் நம்பவில்லை. நஞ்சம்மா சிரித்தாள். அவள் என் சம்சாரம், நாற்பத்தைந்து வருடமாக இப்படித்தான் சிரிக்கிறாள். யூரியா மூட்டைக்கு உள்ளே வருகிற பிளாஸ்டிக் பையை எடுத்துக் கழுவினேன். மைதாவை அவளையே பசையாகக் காய்ச்சச் சொன்னேன்.

"போஸ்டர் ஒட்டவா போற இந்த வயசுல?"

ஒரு குண்டான் பசையையும் பூசி ஒட்டி, மேலே அட்டையை வைத்து முடுக்கினோம்.

8-10-93, வெள்ளி

மழை. பசை கரைந்துவிட்டது. ஆபீசருடைய கறுப்புப் பேன்ட்டில் முழங்காலிலிருந்து பாதம் வரை கஞ்சி. காய்ந்த பிறகு அந்தப் பேன்ட்டை நிறுத்திவைத்தால் தானே நிற்கும் என்கிறான் கங்கப்பன். இவன் சும்மா இருந்தானா?

"சார், இது தண்ணி இல்ல சார், பசை" என்று சொல்லியிருக்கிறான்.

திங்கட்கிழமை வரைக்கும் பார்க்கிறேன் என்றாராம் ஆபீசர்.

9-10-93, சனி

இன்று கதவைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கதவின் அடிவிளிம்பில் மூன்று ஓட்டைகள்! அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதைப் பார்க்காமல் இத்தனை பேர் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? நாற்பது வருடம் ஊர் ஏரிக்கு நீர்கண்டியாக இருந்தவன் நான். மதகைத் திறப்பது, மூடுவது, கரையில் ஒழுகினால் அடைப்பது, இதுதான் வேலை. ஒழுகுகிற இடத்தைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது.

ஏரிக் களிமண், கொஞ்சம் உமி, மேலே தார். மூன்று ஓட்டையையும் அடைத்தேன். யூரியா பையை இந்தத் தடவை சைக்கிள் கடை சொலூசன் வைத்து ஒட்டினேன். ஒரு சொட்டு வெளியே வரட்டும், பார்க்கலாம்.

11-10-93, திங்கள்

ஒரு சொட்டு வெளியே வரவில்லை. எல்லாம் உள்ளேயே இருந்தது.

நேற்று பூராவும் மழை. கார் வாசலில்தான் நின்றது. காலையில் கதவைத் திறந்தபோதே கனமாக இருந்ததாம். ஓட்டும்போது களக் களக்கென்று சத்தம். ஆபீசர் தன் தண்ணீர் பாட்டிலைக் குலுக்கிப் பார்த்திருக்கிறார். நம் ஜூஜுவாடி செக்போஸ்டில் லாரி குறுக்கே வர, கங்கப்பன் பிரேக் போட்டான். எருமை வயிறு மாதிரி உப்பியிருந்த பை வெடித்து, அட்டையையும் தள்ளிக்கொண்டு, அவ்வளவு தண்ணீரும் ஆபீசர் மடியில்.

"ஏன்ரீ இது, காரா, கெரேயா?" என்று கத்தினாராம். கன்னடத்தில் கெரே என்றால் ஏரி. செக்போஸ்ட்காரர்கள் எல்லாம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

வியாழக்கிழமையிலிருந்து வேறு கார்.

கங்கப்பன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னால் பார்க்க முடியவில்லை. என்னடா செய்துவிட்டோம்— போய் நோட்டை எடுத்து வந்து அவன் முன்னால் வைத்தேன். அட்டையைத் தடவிப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"இன்னாத்துக்கு நைனா? கேட்டிருந்தா நாலணாவுக்கு பிரவுன் தாளு வாங்கித் தந்திருப்பேனே!"

நஞ்சம்மா விடவில்லை.

"அது கெடக்குது. ஏரின்னு ஒண்ணு இருந்தா மதகுன்னு ஒண்ணு வேணாமா? நாப்பது வருசம் நீதான தொறந்து வுட்ட? ஓட்டைய அடைச்சா தண்ணி எங்க போவும், ஆபீசர் மடிக்குத்தான் போவும்!"

எனக்கு ரோமம் சிலிர்த்துவிட்டது. அந்த மூன்று ஓட்டையும் மதகு! தாள்தான் கரை! கங்கப்பனைக் கட்டிக்கொண்டேன். அவன் இன்னும் கோபமாகத்தான் இருந்தான்.

12-10-93, செவ்வாய்

நாளை ஒரு நாள் மட்டும்தான் பாக்கி. குடைக் கம்பியால் தாரைக் குத்தி மூன்று மதகையும் திறந்தேன். யூரியா பை கிழிந்துபோனதே, கரைக்கு என்ன செய்வது? வீடு முழுக்கத் தேடினேன். குழந்தைக்கு அடியில் விரிக்கிற சிவப்பு ரப்பர் ஷீட் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

"மாமா, அது வேணாம்" என்றாள் மருமகள் முனிலட்சுமி.

"ஒரு சொட்டு எறங்காத சாமான் வேற எதும்மா இருக்குது இந்த வூட்டுல?"

அவள் புருஷனைப் பார்த்தாள். பிறகு அவளே எடுத்துக் கொடுத்தாள். சுற்றிலும் சொலூசன் வைத்து ஒட்டினேன். அடி ஓரத்தை மட்டும் கதவுக்குள் செருகிவிட்டேன், வழிகிற தண்ணீர் மதகுக்குப் போகட்டும் என்று.

பரீட்சை வைக்காமல் விடலாமா? பின்சீட்டுக்குக் கீழே ராகி மாவைப் பரப்பினேன். நனைந்தால் மாவு காட்டிக்கொடுத்துவிடும். அதில் வெறுங்காலை வைத்து ஆபீசர் மாதிரி உட்கார்ந்தேன். கங்கப்பன் வெளியே நின்று பதினெட்டுக் குடம் தண்ணீரைக் கண்ணாடிமேல் ஊற்றினான். தெருவே வேடிக்கை பார்த்தது. கதவுக்குக் கீழே மூன்று மதகும் ஓடின. மாவு மாவாகவே இருந்தது!

"களிக்கு வெச்ச மாவு" என்று நஞ்சம்மா கத்தினாள். காலைத் தட்டிவிட்டு இறங்கினேன்.

13-10-93

மழையே இல்லை. இன்றைக்குப் பார்த்தா இப்படி வெயில் அடிக்க வேண்டும்? காய்ந்த கதவை வைத்து ஆபீசருக்கு எதைக் காட்டுவது?

மூன்று மணிக்கு இடி இடித்தது. சாயங்காலம் அவர் வீடு திரும்புகிற நேரத்துக்குச் சரியாகக் கொட்டியது. நான் வாசலில் நின்று நனைந்தேன்.

ஆபீசர் காலைத் தூக்கிச் சீட்டின்மேல் வைத்துக்கொண்டே வந்தாராம். செக்போஸ்ட் தாண்டியதும் ஒரு காலை இறக்கிப் பார்த்திருக்கிறார். பிறகு இன்னொன்றை. அத்திப்பள்ளி வந்தபோது தூங்கிக்கொண்டிருந்தாராம். கங்கப்பன்தான் தட்டி எழுப்பினான்.

"நாளைக்கும் வா" என்று மட்டும் சொன்னாராம்.

17-10-93, ஞாயிறு

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் மழை. மூன்று நாளும் கங்கப்பன்தான் ஏற்றிப் போனான். கதவுக்குள் என்ன வைத்தாய் என்று ஆபீசர் கேட்டாராம். இவன் சொல்லியிருக்கிறான். நேற்று அவர் வீட்டிலிருந்தே மடித்த ரப்பர் ஷீட் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். வலப்பக்கக் கதவுக்கும் போடவேண்டுமாம். தீபாவளிக்கு அவருடைய வீட்டம்மாவோடு நம் காரிலேயே சேலம் போகிறாராம்.

நான் கையில் வாங்குவதற்குள் முனிலட்சுமி வாங்கிக்கொண்டாள்.

"இது கொழந்தைக்கு. நாலு நாளா என் சீலையத்தான் விரிக்கறேன். கதவுக்கு நீங்க வேற பாத்துக்குங்க மாமா."

நியாயம்தான். அதனால் காலையிலிருந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் கண் போகிற இடத்தை எல்லாம் நஞ்சம்மா பார்க்கிறாள். மேசைமேல் விரித்திருந்த பூப்போட்ட பிளாஸ்டிக் துணியைக் காணோம். அவள் மழைக்குப் போட்டுக்கொள்கிற கொங்காணியையும் காணோம். வரும் ஞாயிறு வலக்கதவைப் பிரிக்கிறோம். அதற்குள் இரண்டில் ஒன்றைக் கண்டுபிடித்துவிடுவேன். எது என்று அன்றைக்கு எழுதுகிறேன்.