டாக்டர் சொல்லாத ஓய்வு

மார்ச் 4, திங்கள்

இன்று பதினோரு பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். நேற்று பதினாறு. மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து, வீடு திரும்பி மூன்று வாரம் ஆகிறது. கூட்டம் குறைந்தபாடில்லை. எங்கள் குஜராத்திகளில் ஒருவர் நோயில் விழுந்தால் போய்ப் பார்த்தாக வேண்டும். போகாதவர்களை அடுத்த கல்யாணம் வரை சொல்லிக் காட்டுவார்கள். இங்கிலாந்தில் இந்த லெஸ்டருக்கு வந்து நாற்பது வருஷம் ஆகியும் இது மட்டும் மாறவில்லை.

வருகிறவர்களுக்கு நோயாளி படுத்திருக்க வேண்டும். மதியம் சமையலறையில் தட்டு துடைத்துக்கொண்டிருந்தேன். மணி அடித்ததும் என் மகன் நிமேஷ் பதறினான். "மம்மி, போய்ப் படு! மாசிங்க வந்துட்டாங்க!" என் வயதுப் பெண்கள் எல்லோரும் அவனுக்கு மாசி, பெரியம்மா. முன்னறைக் கட்டிலில் என்னைத் தள்ளாத குறையாகப் படுக்க வைத்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டான். எனக்கு வியர்த்தது. "ஐயோ பாவம், எப்படி வேர்க்குது பாரு," என்றாள் வந்தவர்களில் ஒருத்தி.

தினம் எத்தனை நிமிடம் நடந்தேன் என்று எழுதத்தான் ஆஸ்பத்திரியில் இந்த நோட்டைக் கொடுத்தார்கள். நிமிடமே இல்லை. அதனால் மற்றதை எழுதுகிறேன்.

மார்ச் 5, செவ்வாய்

இதய நோயாளிகளுக்கான உடற்பயிற்சி வகுப்பு இன்று இரண்டு மணிக்குத் தொடங்கியிருக்கும். இரண்டு மணிக்கு நான் கட்டிலில் கிடந்து, யாரோ ஒருவருடைய மைத்துனருக்கு பைபாஸ் செய்த கதையைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு அனுப்பும் நாள் டாக்டர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "இவங்க படுத்தே கிடக்கக் கூடாது. தினம் நடக்கணும். செவ்வாய், வெள்ளி ரெண்டு நாளும் வகுப்புக்கு அவசியம் வரணும்." நிமேஷ் என் பக்கம் திரும்பி குஜராத்தியில் சொன்னான்: "நல்லா ஓய்வு எடுக்கணுமாம் மம்மி. வகுப்பு ஒண்ணு இருக்காம். முடிஞ்சா வரலாமாம்."

எனக்கு ஆங்கிலம் தெரியாதா? பனியன் ஃபாக்டரியில் முப்பத்தோரு வருஷம், மேற்பார்வையாளரோடு ஆங்கிலத்தில்தானே சண்டை போட்டேன்! ஆனால் வெள்ளைக்கார டாக்டர் முன்னால் பெற்ற மகனை 'நீ மாற்றிச் சொல்கிறாய்' என்று எப்படிச் சொல்வது? தலையை ஆட்டிவிட்டேன். அதன் பலன்தான் இந்தக் கட்டில்.

மார்ச் 7, வியாழன்

நிமேஷ் இன்றுமுதல் வேலைக்குப் போகிறான். நடந்தது: கழிவறைக்கு ஆறு முறை.

மார்ச் 8, வெள்ளி

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வகுப்புக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். இரண்டு வகுப்பு தவறினால் இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும். இன்று தவறினால் இரண்டு.

ஒன்றேகாலுக்குக் கோட்டு மாட்டி, புடவைக்குக் கீழே ஷூவும் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வாசல் கேட்டைத் திறக்கிறேன் — எதிரே என் நாத்தனார் வீர்பாலா பென்னின் கார். அக்காவை நாங்கள் 'பென்' என்போம். கூட இரண்டு பேர், கையில் மோகன்தால் இனிப்பு டப்பா.

"எங்க கிளம்பிட்ட தரு? புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

"குப்பைத் தொட்டிய வெளிய வைக்க வந்தேன் பென்."

கோட்டும் ஷூவுமாக, குப்பைத் தொட்டி! அவரே குனிந்து என் ஷூவைக் கழற்றினார். படுக்க வைத்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நெஞ்சுவலி என்று நினைத்து நிமேஷுக்குப் போன் போட்டுவிட்டார்கள். வெளுத்த முகத்தோடு ஓடி வந்தான்.

"பப்பாவும் இப்படித்தான மம்மி போனாரு? பேப்பர் வாங்கிட்டு வரேன்னு."

ஏழு வருஷத்துக்கு முன்னால் அவர் தெருவிலேயே விழுந்தார். முதலில் ஓடிப்போய்ப் பார்த்தவன் இவன். இனி இவனிடம் நான் என்னத்தச் சொல்ல? என் உசுருக்குப் பயந்துதான என்னை இப்படிப் பூட்டி வைக்கிறான். திட்டவும் முடியல. இப்படியே படுத்துப் படுத்தே செத்துப்போவேனோ?

மார்ச் 12, செவ்வாய்

வீட்டுப் போன் அடித்தது. வகுப்பு நடத்தும் நர்ஸ் ஜோவன். "பையன் இருக்காரா?" என்றார். நானே பேசுகிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். என் கோப்பில் 'ஆங்கிலம் தெரியாது, வர விருப்பமில்லை' என்று இருக்கிறதாம்.

விருப்பமில்லை என்று யார் சொன்னது? எல்லாவற்றையும் கொட்டினேன். படுக்கை, விருந்தாளிகள், மகன், எல்லாம்.

"உங்க சமூகத்துப் பெண்கள் நிறைய பேருக்கு இப்படித்தான் எழுதி வச்சிருக்கோம்," என்றார் மெதுவாக. "சரி, எப்படி இருந்தா வருவீங்க?"

இதை இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. மளமளவென்று சொன்னேன். வகுப்பு காலையில் வேண்டும், மதியம் ஆட்கள் வருகிற நேரம். ஆண்களோடு கண்ணாடி முன்னால் குதிக்க முடியாது. புடவையோடு நடக்க விடுங்கள். எங்கள் கோயில் மண்டபம் இருக்கிறது. அப்புறம் ஆஸ்பத்திரியில் கொடுத்த அந்தச் சாப்பாட்டுத் தாள் — மீனும் கோழியும்! முட்டைகூடத் தொடாதவள் நான். ரொட்டிக்கு எவ்வளவு நெய் தடவலாம், அதைச் சொல்லுங்கள்.

ஜோவன் சிரித்தார். "எட்டுப் பேர் சேர்த்துக் குடுங்க. மண்டபத்துக்கு நானே வரேன்."

கட்டிலில் கிடக்கிறவள் எட்டுப் பேரை எங்கே போய்த் தேட?

மார்ச் 13, புதன்

தேடவே வேண்டாம், அவர்களே வருகிறார்கள். ரமீலா பென் இரண்டு ஆப்பிளோடு வந்தார். சும்மா கேட்டுவைத்தேன், "உங்க நெஞ்சு எப்படி இருக்கு?"

வாசலை ஒரு பார்வை பார்த்தார். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எனக்கும் ரெண்டு ஸ்டென்ட். பொண்ணுக்கு வரன் பாத்துட்டிருந்தோம், அதான் மூடி வச்சோம்." வகுப்புக் கடிதம் பீரோவில் புடவைக்கு அடியில் இருக்கிறதாம். மூன்று வருஷமாக.

சாயங்காலத்துக்குள் மூன்று பெயர் சேர்ந்தது.

மார்ச் 15, வெள்ளி

என்னையும் சேர்த்து ஏழு.

மார்ச் 17, ஞாயிறு

வீர்பாலா பென்னுக்கு விஷயம் எட்டிவிட்டது. "கோயில் மண்டபத்துல பொம்பளைங்க குதிக்கப் போறீங்களாமே! ஊரே சிரிக்கும். குதிக்கிற அளவுக்குத் தெம்பு இருந்தா, வந்தது மாரடைப்பா வாயுவான்னு கேக்க மாட்டாங்களா?"

மற்றவர்கள் போனபிறகும் அவர் எழவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நாலு வருஷம் முன்னாடி முதுகுவலின்னு சொல்லிட்டு லண்டன்ல பையன் வீட்ல ரெண்டு மாசம் இருந்தேனே, ஞாபகம் இருக்கா? முதுகு இல்ல தரு." நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "அப்ப படுத்ததுதான். இப்ப கார்ல இருந்து உன் வீட்டு வாசல் வர்றதுக்குள்ள மூச்சு வாங்குது. என் பேரையும் எழுதிக்கோ. சத்தமா சொல்லாத."

எட்டு.

ராத்திரிச் சாப்பாட்டில் நிமேஷிடம் சொல்லிவிட்டேன். டாக்டர் சொன்னது எனக்கு அன்றே புரிந்தது என்றும் சொன்னேன்.

"தெரிஞ்சா ஏன் அப்பவே சொல்லல?"

"டாக்டர் முன்னாடி உன் மானம் போயிடுமேன்னு."

"உனக்கு ஏதாவது ஆச்சுன்னா மம்மி?"

"படுத்திருந்தா ஆகாதா?"

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டான். அவன் தட்டையும் நானே கழுவினேன். பயமாகத்தான் இருக்கிறது. அவனிடம் அதைச் சொல்லவில்லை.

மார்ச் 21, வியாழன்

ஹோலிக்குக்கூட அவன் சரியாகப் பேசவில்லை.

மார்ச் 26, செவ்வாய்

காலை பத்து மணிக்கு மண்டபம். வட்டமாக எட்டு நாற்காலி. கை தூக்கினோம், கால் நீட்டினோம், பிறகு சுற்றி நடந்தோம். முதல் சுற்றில் நெஞ்சு படபடத்தது, இதோ வந்துவிட்டது என்று நின்றுவிட்டேன். ஜோவன் நாடி பிடித்துப் பார்த்து, "இது வேலை செய்யற படபடப்பு, நடங்க," என்றார். முன்னால் போன வீர்பாலா பென், "இதென்ன நடை, மாப்பிள்ளை ஊர்வலமே வேகமா போகுமே!" என்று எல்லோரையும் விரட்டினார். ஒன்பது நிமிடம் நடந்தேன்.

நிமேஷ் வகுப்புக்கு வரவில்லை. லீவு போட்டு வீட்டில் இருந்தான், அவ்வளவுதான். ரமீலா பென்னின் மகள் என்னைக் கொண்டுவந்து விட்டாள். கதவைச் சத்தமில்லாமல் திறந்தேன். அவன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் சித்தி முறைக்காரி ஒருத்தியிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"இல்ல காக்கி, இப்ப வராதீங்க, மம்மி வீட்ல இல்ல... ஐயோ, ஆஸ்பத்திரி எல்லாம் இல்ல. நடக்கப் போயிருக்காங்க... ஆமா காக்கி, நடக்கத்தான். டாக்டர்தான் நடக்கச் சொன்னாரு. முதல்லயே சொன்னாரு. நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்."

அவன் பேசி முடிக்கும்வரை நான் ஷூவைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன்.