துடைப்பத்துக்குத் திறந்த கதவு

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம்; உன் அப்பாவின் குறட்டைகூட சுகம். உட்கார்ந்து படி. உன் அம்மா சூப்பர்வைசர் ஆகிவிட்டாள்!

ஆறு மாதத்துக்கு முன் எங்கள் பிஸ்கட் கம்பெனி வாசலில், முகம் பார்த்துக் கதவு திறக்கும் மெஷின் வைத்தார்கள். வெள்ளைத் தோல்காரர்கள் வந்து நின்றதும் வணக்கம் சொல்லித் திறக்கும். நம் இனத்துப் பெண்கள் பதினொரு பேருக்கு மட்டும், முகம் தெரியவில்லை என்று சொல்லும். குனிந்து, நிமிர்ந்து, பல்லைக் காட்டி, அது மனசு வைப்பதற்குள் பத்து நிமிஷம் போய்விடும். தாமதம் என்று அதுவே பதிந்தும் வைக்கும். இருபது வருஷம் பிஸ்கட் அடுக்கிய எனக்கு இரண்டு தடவை சூப்பர்வைசர் வேலை கைநழுவியது அதனால்தான். வெள்ளைக்கார மேனேஜரிடம் போய்ச் சொன்னால், மெஷினுக்கு இனம் தெரியுமா அம்மா, நீங்கள் சீக்கிரம் கிளம்பப் பாருங்கள் என்றார்.

உன்னிடம் ஒன்றை மறைத்தேன். ஒரு மாதம் முகம் நிறையப் பவுடர் அப்பிக்கொண்டு போனேன். கதவு திறந்தது. உள்ளே போய் முகத்தைக் கழுவிவிட்டு அழுதேன். அப்புறம் பவுடரை விட்டுவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை, பதினொரு பேரும் வழக்கம்போல் வாசலில் பழியாய்க் கிடந்தோம். அந்த நேரம் பார்த்து மேனேஜர் முதலாளியை அழைத்துக்கொண்டு வந்தார். எனக்கு வந்ததே ஒரு கோபம்! வேலை போனால் போகட்டும் என்று, வாசல் பலகையில் இருந்த மேனேஜர் போட்டோவை உருவி, அங்கே சாத்தியிருந்த துடைப்பத்தில் செருகி, மெஷின் முன்னால் தூக்கிப் பிடித்தேன். வணக்கம் மேனேஜர், சரியான நேரத்துக்கு வந்தீர்கள் என்று மெஷின் சொல்ல, கதவு பட்டென்று திறந்தது பார்!

முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, எத்தனை நாளாக இப்படி என்று எங்களைக் கேட்டார். சொன்னோம். மறுநாளே மெஷினைக் கழற்றிவிட்டார்கள், முன்பு நேரம் பதிந்த பழைய அட்டையே திரும்ப வந்துவிட்டது, எங்கள் தாமதம் எல்லாம் அழிந்தது. மேனேஜர் என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்டார். துடைப்பத்தை மட்டும் அவர் கண்ணில் படாமல் வைக்கச் சொன்னார். வருகிற திங்கட்கிழமை முதல் எனக்கு அந்தச் சூப்பர்வைசர் வேலை. அப்பா தெரு முழுக்கச் சொல்லியாயிற்று, பேப்பர் போடுகிறவரிடம் இரண்டு தடவை.

கண்ணே, வேலைக்கு அனுப்பும் போட்டோவில் நிறத்தைக் கொஞ்சம் வெளுக்க வைத்ததாகப் போன கடிதத்தில் விளையாட்டாக எழுதியிருந்தாய். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. பவுடர் அப்பிக்கொண்டு போனவளுக்குப் புத்தி சொல்ல அருகதை இல்லைதான். ஆனாலும் கெஞ்சிக் கேட்கிறேன், அந்தப் போட்டோவைக் கிழித்துப் போடு. உன் சொந்த முகத்தையே அனுப்பு. அதில் பாதி என்னுடையது.

மகராசியாக இரு.

பவுடர் பூசாத முத்தங்களுடன்,
உன் அம்மா