வேக்குவம் குழாயில் ஒரு ஸ்க்ரூ

செவ்வாய், ராத்திரி

மனைவியின் அண்ணன், தன் கார் கரும்புகை விடுகிறது என்று பட்டறைக்குக் கொண்டுவந்தார். பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வேக்குவம் குழாயைக் கழற்றினேன். காற்று மட்டும் போகவேண்டிய குழாய் பெட்ரோலில் நனைந்திருந்தது. ரெகுலேட்டருக்குள் சவ்வு கிழிந்துவிட்டது, புதுசு மாற்றணும். அவர் பக்கத்தில் நின்று அவசரப்படுத்தினார். இன்ஜினுக்குப் போகும் அந்தக் குழாயை ஒரு ஸ்க்ரூ திருகி அடைத்தேன். புகை நின்றது. சரியாகிவிட்டது என்று சொல்லி அனுப்பினேன்.

வீட்டில் கை கழுவும்போதுதான் உறைத்தது. குழாயைக் கழற்றிய ரெகுலேட்டர் முனையை அடைக்கவில்லை. பெட்ரோல் சூடான இன்ஜின்மேல் சொட்டும், தீப்பிடிக்கும்.

ஒருக்கா கொண்டு வாங்க என்று போன் பண்ணினேன். "வண்டி இப்பமாக்கும் ஒழுங்கா ஓடுது. இனி கை வைக்காண்டாம் மக்கா. நாளைக்கு காட்டாக்கடை கல்யாணத்துக்கு எல்லாரும் இதிலதான் போறோம்" என்றார். கிழிந்த சவ்வைப் பற்றியோ சொட்டும் பெட்ரோலைப் பற்றியோ நான் அவரிடம் சொல்லவில்லை.

பிள்ளைகளோடு பஸ்ஸில் போவோம் என்று மனைவியிடம் சொன்னேன். "நீங்க செரியாக்குன வண்டியாக்கும், பின்ன எதுக்கு பஸ்ஸு" என்கிறாள்.